பெயர் ஒட்டிய விளக்குகள்

விளக்கில் பெயர் எழுதுவதில் நம் பக்கத்து ஆட்களை மிஞ்ச ஆளில்லை. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும். கொடுத்தவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், வேலை பார்க்கும் இலாகா, இடமிருந்தால் சம்பந்தி பெயர் வரைக்கும் சிவப்புப் பெயின்டில் எழுதி மாட்டிவிடுவார்கள். எழுத்துப் போக மிச்சமிருக்கும் இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் அந்தப் பெயரைப் படிக்கலாம். வேறு எதையும் பார்க்க முடியாது.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் சவேரியார்புரத்தில் இந்தத் தப்பு நடக்கவில்லை. வேறொரு தப்பு நடந்தது. அதை நல்ல புத்திசாலி ஒருவன் செய்தான். புத்திசாலிகள் செய்கிற தப்பு வெளியே தெரிய எப்போதும் கொஞ்ச காலம் ஆகும். இதற்கு இரண்டு வருஷம் ஆனது.

அந்தப் புத்திசாலியின் பெயர் இருதயராஜ். வயது நாற்பத்தாறு. அந்த ஊரிலேயே முதன்முதலாக வயர்மேன் லைசென்ஸ் எடுத்தவன். இப்போது விழுப்புரத்தில் குடியிருக்கிறான், நான்குமுனை சந்திப்புக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஓர் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். ஆனாலும் சவேரியார்புரத்தில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவனுக்குத்தான் போன் வரும். ஊரில் முக்கால்வாசி வீட்டுக்கு வயரிங் அவன் கை. "இருதயராஜி பாத்துட்டானா? அப்ப சரி" என்பது அந்த ஊரில் மின்வாரியத்தின் முத்திரையைவிடப் பெரிய முத்திரை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்து கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன் மாதா கோயிலை ஒட்டி ஒரு கூடம் கட்டினார்கள். கல்யாணம், கருமாதி, கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். சுவரும் கூரையும் எப்படியோ எழும்பிவிட்டன. விளக்குகளை ஊரே போட்டுவிடலாம் என்று இருபத்து நான்கு குடும்பங்கள் ஆளுக்கு ஒன்று ஒப்புக்கொண்டன. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியும் ரயில்வேயில் ஜல்லி வாரியும் பிழைத்த குடும்பங்கள். ரேஷன் கார்டையும் கல்லறைச் சிலுவையையும் தவிர வேறெங்கும் எழுதப்படாத பெயர்கள் அந்தப் பெயர்கள். அதனால் விளக்கில் பெயர் போட வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே போடுவது என்பதுதான் அவனுடைய கவலையாக இருந்தது.

கடைகளிலும் ஆபீஸ்களிலும் கூரையோடு ஒட்டிப் பொருத்துகிற சதுர எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டுவந்தான். அதன் முகத்தில் பெயர் எழுதினால் வெளிச்சம் போய்விடும். ஆனால் விளக்கைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தகரச் சட்டம் இருந்தது. அதில் வரிவரியாகச் சின்னக் கீறல்கள். அந்தக் கீறல்களின் மேல் நாலு பக்கமும் பட்டை ஸ்டிக்கராகப் பெயரை ஒட்டினால்? எந்த மூலையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாலும் பெயரும் தெரியும், வெளிச்சமும் குறையாது. ஒட்டிவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தபோது ஊரே கைதட்டியது. "பாத்தியா, படிச்சவன் வேலைய" என்றார்கள்.

பெயர் ஒட்டுவது ஒரு நாளில் முடிந்தது. எந்தப் பெயர் எந்த இடத்தில் என்பது முடியத்தான் ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மேடைக்கு நேர் மேலே இருந்தது ஒரே ஒரு விளக்கு. அது எல்லோருக்கும் வேண்டும். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மேடை விளக்கு சவுரிராயன் பெயருக்கு விழுந்தது. சவுரிராயன், இருதயராஜின் அக்கா அம்சவள்ளியின் புருஷன், அப்போது செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சின்னக்கண்ணுவின் அப்பா ராயப்பன் பெயருக்கு இரண்டாம் வரிசையில் மூன்றாவது விளக்கு விழுந்தது. சின்னக்கண்ணுவுக்கு அந்தக் குலுக்கலின் மேல் இன்றுவரை சந்தேகம்தான். "மச்சான் பேரு மேடைல, எங்கப்பன் பேரு பந்தில" என்று எந்த விசேஷத்துக்கு வந்தாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கை நனைப்பார்.

இந்தக் கதை இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, இருதயராஜின் போனில் டீலர்களுக்கான குழுவில் கம்பெனியின் அறிவிப்பு ஒன்று வந்து விழுந்தது. அவன் விற்ற அதே சதுர விளக்கின் படம். குறிப்பிட்ட சில பேட்ச் எண்களைக் கொண்ட விளக்குகளில், மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்கிற உள்பெட்டி அளவுக்கு மேல் சூடாகிறது. முகத்து மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இளகி மூடி கழன்று விழக்கூடும். உடனே அணைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் புது விளக்கு இலவசம் என்று போட்டிருந்தது. பேட்ச் எண் விளக்கின் பக்கச் சட்டத்தில் அச்சிடப்பட்டிருக்கும் என்றும் இருந்தது.

டவுனில் அந்த விளக்கை வாங்கிய நான்கு கடைகளுக்கு முதலில் போன் போட்டான். துணிக்கடைக்காரர் முழுதாகக் கேட்கவே இல்லை.

"இலவசமா மாத்தித் தர்றியா? ஏம்பா, போன மாசம்தான் என் மச்சான் இப்படி ஒரு போன எடுத்து, பேங்குல இருந்தத மொத்தமா வுட்டான். அடுத்தது நம்பர் சொல்லுன்னு கேப்ப, அதானே? வையி போன."

இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் ஓடிவருகிற காலம் போய், ஓடி ஒளிகிற காலம் வந்துவிட்டது. நேரில் போய் முகத்தைக் காட்டிய பிறகுதான் நான்கு கடைக்காரர்களும் நம்பினார்கள். அந்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. மிச்சமிருந்தது சவேரியார்புரத்துக் கூடம். வருகிற திங்கட்கிழமை அந்தக் கூடத்தில் அம்சவள்ளியின் மகள் அஸ்வினிக்குக் கல்யாண வரவேற்பு. தாய்மாமன் இவன்.

கூடத்துச் சாவி வைத்திருக்கும் பிரான்சிஸுக்குப் போன் செய்தான்.

"பிரான்சிஸ், ஹால்ல ஒரு லைட்டும் போடாத. மெயின ஆஃப் பண்ணி வையி. நாளைக்கு நான் வர்றேன்."

"இன்னாண்ணே பேஜாரு பண்ற? பந்தல்காரன் வந்து நின்னுக்கினு கீறான். திங்கக்கெழம கல்யாணம், மெயின ஆஃப் பண்ணுன்றியே?"

"சொன்னத செய்ப்பா. லைட்டுல கம்பெனி கோளாறு."

கம்பெனி கோளாறு. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்பது அவனுக்குப் பின்னால்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியில் திண்டிவனம் போய், மேம்பாலத்தைத் தாண்டி ஒலக்கூர் ரோட்டைப் பிடித்தான். கூடத்தில் பிரான்சிஸ் ஏணியோடு நின்றான். செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. அம்சவள்ளி கல்யாண வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாத பொம்பளை அவள். அன்றைக்குச் சும்மா நின்றாள்.

பேட்ச் எண் எங்கே இருக்கிறது? சட்டத்தில். சட்டத்தின் மேல் என்ன இருக்கிறது? பெயர். ஆக, எந்த விளக்கு கெட்டது என்று தெரிய வேண்டுமானால் எல்லாப் பெயரையும் பிய்த்தாக வேண்டும். இருதயராஜ் மேடை விளக்கில் தொடங்கினான். மச்சானின் பெயர் லேசில் வரவில்லை. ஸ்டிக்கரின் மேல் கண்ணாடி மாதிரி அகல டேப் ஓடியிருந்தது. டேப்புக்குக் கீழே மஞ்சளாகக் காய்ந்த பசை. அவன் ஒட்டியபோது டேப்பும் இல்லை, பசையும் இல்லை.

"அக்கா, இதும்மேல டேப்பு யார் ஒட்டுனது?"

"தெரியலியேப்பா" என்றாள் அம்சவள்ளி. சொல்லிவிட்டு, "ஏய், ஆடு உள்ள பூருது பாரு" என்று வெளியே ஓடினாள். வெளியே ஆடு எதுவும் இல்லை.

சுரண்டிச் சுரண்டி மத்தியானம் மூன்று மணிக்குள் இருபத்து நான்கையும் பார்த்து முடித்தான். அறிவிப்பில் இருந்த பேட்ச் எண் ஒன்பது விளக்குகளில் இருந்தது. அந்த ஒன்பதில் மேடை விளக்கும் ஒன்று. மிச்சம் பதினைந்து நல்ல பேட்ச்.

இதைக் கீழே நின்றவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒன்பது வீட்டுக்காரர்களுக்குக் கோபம், பதினைந்து வீட்டுக்காரர்களுக்கு ஏக்கம். கெட்ட விளக்கின் சொந்தக்காரர்கள், "ஊர்ல எத்தினி பேரு கீது, எங்க பேருலதான் கோளாறு வரணுமா?" என்றார்கள். நல்ல விளக்கின் சொந்தக்காரர்கள், "அப்ப அவுங்களுக்கு மட்டும் புது லைட்டு, எங்களுக்குப் பழசா?" என்றார்கள். மேற்குத் தெரு ரோஜா மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க மாமியா உசுரோட இருந்தப்பவே சட்டுனு சூடாவாங்க. அவுங்க பேரு போட்ட லைட்டு வேற எப்படி இருக்கும்?" என்றாள்.

சின்னக்கண்ணு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடை விளக்கையும் இரண்டாம் வரிசை மூன்றாம் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வருஷமாக அவர் முகத்தில் இப்படி ஒரு திருப்தியை யாரும் பார்த்ததில்லை.

"எங்கப்பன் பேரு போட்டது கெட்டுப்போவுமா? குலுக்குறவன் குலுக்கலாம். மேல இருக்கிறவன் பாத்துக்கினுதான் இருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். இருதயராஜும் சிரித்தான். ஆனால் அவன் பார்வை கையில் இருந்த ஸ்டிக்கர் துண்டுகளின் மேல் இருந்தது. ஒன்பது விளக்குகளிலிருந்து வந்தவை பழுப்பேறிச் சுருங்கியிருந்தன. அது சரி, சூடானதால் வந்தது. மற்ற பதினைந்திலிருந்து வந்தவையும் அப்படியே பழுப்பேறியிருந்தன. நல்ல விளக்கு என்றால் அது ஏன் இப்படிச் சூடாக வேண்டும்?

ராயப்பன் பெயரிருந்த சட்டத்தை ஏணியில் நின்றபடி இன்னொருமுறை தடவினான். கீறல்களைப் பசை அடைத்திருந்தது. விரல் நகத்தால் ஒன்றைக் குத்தித் திறந்தான். உள்ளே இருட்டு. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. புரிந்தவுடன் ஏணியின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கீறல்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. சூடு வெளியே போவதற்கு விளக்குக்கு இருக்கிற மூக்கு அது. இருபத்து நான்கு விளக்குகளின் மூக்கையும் அவன் தன் கையால் பெயர் போட்டு அடைத்திருக்கிறான். கம்பெனி செய்தது ஒன்பது தப்பு. அவன் செய்தது இருபத்து நான்கு.

கீழே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிரான்சிஸ் ஏணியைப் பிடித்தபடி கொட்டாவி விட்டான்.

சனிக்கிழமை ஒன்பது விளக்குகளையும் அட்டைப்பெட்டியில் கட்டித் திண்டிவனத்து மொத்த டீலர் கடைக்குக் கொண்டுபோனான். பேட்ச் எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் புதியவை ஒன்பது எடுத்து வைத்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். விளக்கோடு ஒரு துண்டுத்தாள் இருந்தது. அதில் ஒரு படம். சட்டத்துக் கீறலின் மேல் ஒரு கை எதையோ ஒட்டுகிறது. அதன் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்.

இந்தத் தாள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த பெட்டிகளிலும் இருந்தது. அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பிரான்சிஸ் வாங்கிவந்த சூடான போண்டாவை அந்தத் தாளில் வைத்துத்தான் எல்லோரும் தின்றார்கள். எண்ணெய் உறிஞ்சுவதற்கு அருமையான தாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யோசிக்க யோசிக்க வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்பது புதியதையும் மாட்டிவிட்டு, "பேரு ஒட்டக் கூடாதுன்னு கம்பெனி சொல்லிட்டான்" என்று முடித்துவிடலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. கம்பெனி தானாக வந்து பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறது, அந்தத் தலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் கழுத்தா முறிந்துவிடும்? ஆனால் ஊர் அப்படி விடாது. நல்ல பேட்ச்தானே, எங்கள் விளக்கில் பெயர் ஒட்டினால் என்ன என்று அந்தப் பதினைந்து வீடும் கேட்கும். கம்பெனியாவது மண்ணாங்கட்டியாவது என்று இவன் முதுகுக்குப் பின்னால் அவர்களே ஒட்டிக்கொள்வார்கள். ஏன் கூடாது என்று சொன்னால்தான் கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், அப்படியானால் முதலில் ஒட்டியது யார் என்ற கேள்வி வரும்.

இருபது வருஷமாகச் சேர்த்த ஒரே சொத்து அவனுக்கு அந்த ஊரின் நம்பிக்கைதான். இருதயராஜ் பார்த்துவிட்டானா, அப்போ சரி. அந்த வாக்கியம் போய்விட்டால் அந்த ஊருக்குள் எந்த முகத்தோடு போவது? பயமாக இருந்தது. டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. போன் அடித்தது. அஸ்வினி.

"மாமா, திங்கக்கெழம லைட்டு எரியும்ல? ஃபோட்டோகிராபரு கேட்டுக்கினே கீறாரு."

"எரியும்மா."

"பயமில்லியே மாமா? மேல ஏதும் வுழுவாதுல்ல? மாப்ள வூட்டுல கேக்குறாங்க."

"ஒண்ணும் வுழாது. மாமா பாத்துக்கிறேன்."

"நீ பாத்துட்டேன்னா சரி மாமா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே கூடத்துக்கு வந்தது. புது விளக்கைப் பார்க்க வந்தார்கள் என்று இருதயராஜ் நினைத்தான். சின்னக்கண்ணு முன்னால் வந்து கையிலிருந்த சுருளைப் பிரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. சனிக்கிழமையே அவர் திண்டிவனம் போய்ப் புது ஸ்டிக்கர் அடித்து வந்திருந்தார். பழையதைவிட அகலம். தங்க நிறத்தில் எழுத்து. ஒரு ஓரத்தில் ராயப்பனின் போட்டோவும் இருந்தது. அவரைப் பார்த்து இன்னும் ஏழெட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு சுருளோடு நின்றார்கள்.

"ஏம்பா இருதயராஜி, பிச்சது பிச்சிட்ட. இத ஜல்தியா ஒட்டிக் குடு. இந்த தபா நாலு பக்கமும் நல்லா மூடுறாப்ல ஒட்டணும்."

நாலு பக்கமும் நல்லா மூடுகிற மாதிரி. இருதயராஜ் அந்தச் சுருளை வாங்கவில்லை.

"பெரியப்பா, பேரு ஒட்டக் கூடாது. எதுலயும் ஒட்டக் கூடாது."

"ஏன்? எங்கப்பன் லைட்டு நல்ல லைட்டுன்னு நீதானே சொன்ன?"

"நல்ல லைட்டுதான். அத கெடுத்தது நானு."

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. கீறலைக் காட்டினான், அதன் வேலையைச் சொன்னான், பழுப்பேறிய ஸ்டிக்கர்களை மேஜையில் பரப்பினான். துண்டுத்தாளைக் காட்டினான். "இந்தத் தாளு அப்பவும் வந்துச்சு. படிக்காம வுட்டேன். ஒம்போது லைட்டுல கம்பெனி தப்பு கீது. இருபத்து நாலுலயும் என் தப்பு கீது. ஏதாவது ஒண்ணு பத்திக்கினு இருந்தா, கீழ உக்காந்துக்கினு இருந்த புள்ளைங்க மேல வுழுந்திருக்கும். ரெண்டு வருஷமா நீங்க நல்லா இருந்தது கடவுள் செயலு. என் வேலையால இல்ல."

ஸ்டிக்கர் துண்டுகளை ஒன்றுசேர்த்துக்கொண்டு, "வேற வயர்மேன கூப்டு ஒரு வாட்டி பாக்கணும்னாலும் பாருங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டான்.

அம்சவள்ளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அந்த டேப்பு ஒட்டுனது நான்தான்" என்றாள்.

இருதயராஜ் அவளைப் பார்த்தான்.

"ஒட்டி ஆறு மாசத்துலயே ஒங்க மாமா பேரு சுருட்டிக்கினு வந்துச்சுப்பா. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாமே. சனிக்கெழம கூட்டிப் பெருக்க வர்ற நாங்க பாத்தோம். தம்பி ஆசையா ஒட்டுனது, நாளைக்கி வந்து பாத்தா மனசு கஷ்டப்படும், வாங்கிக்கினு வந்த ஸ்டிக்கரு மட்டமுன்னு நாலு பேரு சொல்லுவான்னுட்டு நாங்களே ஏறி ஒட்டிட்டோம்."

"பசை வாங்கியாந்தது நானு" என்றாள் ரோஜா.

"மேஜ மேல நாற்காலி போட்டுப் புடிச்சது நானு" என்றான் பிரான்சிஸ், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவன் அடைத்த மூக்கை, அவன் மனசு நோகக் கூடாது என்று ஊரே சேர்ந்து பசை ஊற்றி அடைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அன்பு. இந்த அன்பு என்ன ஆபத்தான சாமான் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. தங்க எழுத்துச் சுருளை மெல்லச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார். வெளியே போனார். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் வேறு. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வேறு வயர்மேனைக் கூப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அவன் வேலையைப் பார்த்தான். ஒன்பது புது விளக்குகளை மாட்டினான். பதினைந்து பழைய விளக்குகளையும் கீழே இறக்கி, பெயின்ட் கரைக்கும் தின்னர் தொட்டுப் பசையைத் துடைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கீறலையும் தேய்த்துத் திறந்தான். கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். இளகிய மாதிரி தெரிந்த இரண்டை மாற்றினான். பிரான்சிஸ் ஏணியைப் பிடித்தான், இந்த முறை கொட்டாவி விடவில்லை. எல்லாம் முடிந்து மெயினைப் போட்டபோது மணி நான்கு.

இருபத்து நான்கும் எரிந்தன. சட்டங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. கூடம் கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்தது.

"மூணு மணி நேரம் அப்படியே எரியட்டும். சூடு எப்படி இருக்குன்னு அரை மணிக்கு ஒருக்கா ஏறிப் பாக்குறேன். அதுவரைக்கும் ஒரு ஆள் உள்ள வரக் கூடாது" என்று பிரான்சிஸிடம் சொல்லி, வாசலின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினான். படியில் உட்கார்ந்தான். தெருவில் யாரையும் காணோம். போய்விட்டது என்று நினைத்தான். இருபது வருஷ நம்பிக்கை ஒரு காலையில் போய்விட்டது. இருந்தாலும் சொன்னதில் அவனுக்கு வருத்தம் இல்லை. திரும்ப அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

முதல் அரை மணி ஆனது. ஏறித் தொட்டுப் பார்த்தான். சட்டம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. இறங்கி வந்தபோது அம்சவள்ளி ஒரு முறம் நிறையப் பூண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கயிற்றின் கீழே குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, வெளிய போ. டெஸ்ட்டு பண்ணிக்கினு இருக்கேன்."

"பண்ணு. யாரு வேணான்னா?" மேடையில் ஏறி, புருஷன் பெயர் இருந்த விளக்குக்கு நேர் கீழே பாயை விரித்தாள். "நாளைக்கி ஐந்நூறு பேருக்கு பிரியாணி. பூண்டு யாரு உரிக்கிறது, ஒங்க கம்பெனிக்காரனா?"

"விளையாடாதக்கா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"அப்புறம் இன்னா?" என்றாள். உரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவன் பதில் யோசிப்பதற்குள் ரோஜா வந்தாள், அரிவாள்மணையும் இஞ்சியுமாக. பின்னால் இன்னும் நான்கு பெண்கள். கயிறு தடுக்குகிறது என்று யாரோ அதை அவிழ்த்தே விட்டார்கள். ஐந்தரை மணிக்குக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கல்யாணப் பெண்கூடக் கையில் மருதாணியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபோட்டோகிராபருக்கு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். கூர்ந்து பார்த்தபோது இருதயராஜ் ஒன்றைக் கவனித்தான். பெயர் எதுவும் இல்லாமலே ஒவ்வொரு வீட்டாரும் அவரவர் விளக்கின் கீழேயே போய் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வரிசை மூன்றாம் விளக்கின் கீழே மட்டும் தரை காலியாகக் கிடந்தது.

ஆறு மணி இருக்கும். சின்னக்கண்ணு வந்தார். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து அந்தக் காலி இடத்தில் அதைப் போட்டார். அண்ணாந்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ஏம்மா அம்சவள்ளி, எனக்கும் ரெண்டு கை பூண்டு குடு."

வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே இருதயராஜைக் கூப்பிட்டார்.

"புதங்கெழம வூட்டுக்கு வா. பாத்ரூம் சுவிட்சு ஷாக்கு அடிக்குது. திண்டிவனத்துலருந்து ஆளக் கூட்டியாரலாம்னு ஒங்க பெரியம்மா சொல்லிக்கினு இருந்தா. தப்புன்னா தப்புன்னு சொல்றவன் கை வெச்சா போதும்னுட்டேன்."

"வர்றேன் பெரியப்பா" என்றான் இருதயராஜ்.

அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு பூண்டை எடுத்தான். கண் நிறைந்து வழிந்தது. வெங்காயமாக இருந்திருந்தாலாவது ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். பூண்டு உரித்து இந்த உலகத்தில் யாரும் அழுததில்லை. அம்சவள்ளி பார்த்தாள், முறத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பூண்டை எடுத்தான்.